செல்லாது என்று நான் சொன்ன சங்கதி

விசாகப்பட்டினத்தில் இருக்கும் என் மகனுக்கு,

உன் கார்டு வந்து பத்து நாளாகிறது. தை மாதம் கல்யாணம், பெண் வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள், நல்ல மாதிரி, சத்திரம் பேசியாகிவிட்டது, நீங்கள் வந்தால் போதும் என்று நாலு வரி எழுதிவிட்டு, கீழே இடுக்கில் ஐந்தாவது வரியாக 'மாமாவை அழைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தாய். தாய்மாமன் இல்லாமல் நம் ஜனத்தில் ஒரு காதுகுத்துகூட நடந்ததில்லை. இது உனக்கும் தெரியும். அந்த ஐந்தாவது வரிக்குத்தான் இந்தக் கடிதம் பதில். உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று மூலக்கொத்தளம் சுடுகாட்டில் நான் ஒரு பொய் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று கேட்டாய். ஒன்பது வருஷமாக நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் உன் கல்யாணப் பந்தலில் வந்து வெற்றிலைத் தட்டோடு நிற்க என்னால் ஆகாது. அதனால் இப்போது சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். உன் அப்பன் எதை நேராகச் சொல்லியிருக்கிறான்?

ருஷ்யாக்காரன் விட்ட செயற்கைச் சந்திரனை நீ பார்த்தாயா? இங்கே ராயபுரம் கடற்கரையில் அதைப் பார்க்கத் திருவிழாக் கூட்டம். ஒன்றரை மணி நேரத்துக்குள் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடுகிறதாம். நாம் ஒரு உலை வைத்து இறக்கிச் சாப்பிட்டு எழுவதற்குள் உலகம் முடிந்துவிடுகிறது. மூன்று நாள் விடாமல் போய் நின்றேன். மூன்றாம் நாள் ஏதோ ஒரு புள்ளி நகர்ந்தது. அதுதான் என்று சிலர் கத்தினார்கள், அது இல்லை என்று சிலர் சொன்னார்கள். நான் அதுதான் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். வாசல்படி ஏறின பிறகுதான் யாரிடம் சொல்லப்போகிறோம் என்று தோன்றிற்று. பூட்டைத் திறந்து உள்ளே போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து பிடித்தது என்று உனக்குத் தெரியும். துறைமுகத்தில் டாலி கிளார்க் என்றால் கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணிச் சீட்டில் குறிக்கிற வேலை. சோதனைக்காகப் பெட்டியை உடைக்கும்போது, உள்ளே இருக்கிற இயந்திர உறுப்புகள் ஆடாமல் இருப்பதற்காகத் திணித்த பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்கள் பந்து பந்தாக வெளியே விழும். மற்றவர்கள் அதைக் காலால் தள்ளுவார்கள். நான் பொறுக்கிப் பிரித்து, தொடையில் வைத்து நீவி, மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வருவேன். முகத்துவாரக்குப்பத்தில் பொண்ணெடுத்தவன், நாலாவது பாரம் வரைக்கும் படித்தவன், சொந்தக்காரர்களில் பேனா பிடித்துச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் என்ற மிதப்பும் எனக்கு நிறைய உண்டு. அந்தத் தாள்கள் பாதி கிழிந்திருக்கும். சங்கதி தொடங்கும், முடிவு இருக்காது. முடிவை நானே போட்டுக்கொள்வேன். எத்தனையோ தடவை உனக்குச் சொன்ன உலக அதிசயத்தில் பின்பாதி உன் அப்பனின் கைவேலை.

ஆளுக்கொரு சங்கதி என்ற சட்டத்தை நான் போட்டது யுத்த காலத்தில். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடித் திரும்பி வந்த பிறகு, அரிசிக்கு ரேஷன் வந்தது. உன் அம்மா க்யூவில் நின்று வாங்கி வந்த அரிசியில் கல்லும் புழுவும் கலந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு முழுக்க அதுதான். அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் பதுக்கிவிட்டான். உனக்கு அப்போது ஏழு வயது. அதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு முழிப்பாய். அதனால் ஒரு நாள், இனிமேல் விளக்கு வைத்துத் தட்டு போட்டபின் வீட்டுச் சமாச்சாரம் எதையும் பேசக் கூடாது, ஆளுக்கு ஒரு அதிசயம் சொன்னால்தான் சோற்றில் கை வைக்கலாம் என்று சொன்னேன். சங்கதி நன்றாக இருந்தால் 'செல்லும்' என்பேன். சொன்னதையே சொன்னாலோ சப்பென்று இருந்தாலோ 'செல்லாது' என்பேன், கடைக்காரன் கள்ளக் காசைச் சுண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிற மாதிரி. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் கண்ணு. பசியை மறக்கடிக்க எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

நன்றாகவும் இருந்தது. இல்லை என்று சொல்ல உனக்கும் மனம் வராது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீஸ்காரன் விட்டுப்போன வார்த்தைகள் என்று நான் சொன்ன அன்று, நீ சாப்பாட்டை விட்டு எழுந்து வீட்டில் இருந்த ஒவ்வொரு சாமானையும் தொட்டு 'இது யார்து நைனா? இது யார்து?' என்று கேட்டுக்கொண்டே சுற்றினாய். நம் கட்டுமரத்தை வெள்ளைக்காரன் அப்படியே தன் அகராதிக்குள் இழுத்துக்கொண்டான் என்றதும்தான் உனக்கு மனசு ஆறியது. நீ என்னைக் கூப்பிடுகிற நைனா என்பதே தெலுங்குதான்டா என்றதும் மறுபடி முகம் தொங்கிவிட்டது. ஒரு காலத்தில் இந்தியா பூராவும் ரயில்கள் நம் மதராஸ் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடின, இப்போதைய மணிக்கும் அதற்கும் ஒன்பது நிமிஷம் வித்தியாசம் என்று சொன்னதற்கு, அந்த ஒன்பது நிமிஷம் எங்கே போயிற்று என்று ஒரு வாரம் துளைத்தாய். குண்டூரில் சூரிய கிரகணம் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் சூரியனுக்குள் ஒரு புது வாயுவின் அடையாளத்தைப் பார்த்தார், அது பூமியிலும் இருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது என்றேன். 'எதிர்ல கீறத வுட்டுட்டு அம்மாந்தூரத்துல கீறத மொதல்ல பாத்தாரா?' என்று உன் அம்மா சிரித்தாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சட்டம் அவளுக்கும் உண்டு. அவள் சங்கதிகள் எல்லாம் குழாயடியிலிருந்தும் கடலிலிருந்தும் வரும். ஒரு நாள் சொன்னாள், 'பால்சுறா முட்ட போடாது. குட்டிதான் போடும். வவுத்தக் கிழிச்சா உள்ள குட்டி நெளியும். எங்கண்ணன் வலையில எத்தினி வாட்டி பாத்துகீறேன்.' மீன் என்றால் முட்டைதான், செல்லாது என்றேன். 'நீ பாத்தியா, நான் பாத்தனா?' என்றாள். செல்லாது என்றால் செல்லாது. அவள் சிரித்துக்கொண்டே வேறு ஏதோ சொல்லித் தன் சோற்றைச் சாப்பிட்டாள். மூன்று மாதம் கழித்து ஒரு தாளில் அதே சங்கதி, படத்தோடு, சுறாக்களில் பல இனம் குட்டி போடும் என்று இருந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன குறைந்துவிடும்? மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஜான்சிபார் யுத்தமும் அப்படித்தான். உலகத்திலேயே குறைந்த காலம் நடந்த யுத்தம், முப்பத்தெட்டு என்று இருந்தது, அதற்குமேல் தாள் கிழிந்துபோயிருந்தது. முப்பத்தெட்டு நாள் என்று உனக்குச் சொன்னேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாய். பிறகுதான் தெரிந்தது, நாள் இல்லை, நிமிஷம். வாத்தியார் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றியதாக நீ சொன்னபோதுகூட, அவருக்கு என்ன தெரியும் என்றுதான் சொன்னேனே தவிர, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று என் வாயில் வரவில்லை. தப்பு செய்வது பெரிதில்லை. தப்பு என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது என்னோடு கூடப் பிறந்த குணம். இது உனக்கு வராமல் பார்த்துக்கொள். வரப்போகிறவளிடம் ஒரு நாளில் பத்துத் தடவை 'நான் சொன்னது தப்பு' என்று சொல்ல நேர்ந்தாலும் சொல்லிவிடு.

இனி அந்தச் சாயங்காலம். உனக்குப் பன்னிரண்டு வயது. மழைக்காலம், வீட்டுக்குள் ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. வவ்வால் மீன் குழம்பு. உன் அம்மா வழக்கம்போல் நின்று பரிமாறாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தட்டை நகர்த்திக்கொண்டிருந்தாள். சேலையை இழுத்துக் காலை மூடியிருந்தாள். இதையெல்லாம் நான் பார்த்தேனா என்று கேட்காதே. பார்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் இப்போது எப்படி எழுதுகிறேன்? நான் என் சங்கதியைச் சொன்னேன். சூரிய வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எட்டு நிமிஷம் ஆகிறது, நாம் பார்க்கிற சூரியன் எட்டு நிமிஷம் பழசு என்று. பிறகு உன் முறை. நீ என்னையும் பார்க்காமல் அம்மாவையும் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு, ஒப்பிக்கிற குரலில் சொன்னாய்.

'மனுசன் காலை வெரலால அமுக்குனா குழி வுழும். எட்த்தப்புறமும் அந்தக் குழி அப்டியே நிக்கும். மேல வராது. தெரியுமா நைனா?'

'யார் கால்லடா?' என்றேன்.

'அம்மா கால்ல. நான் அமுக்கிப் பாத்தேன். நூறு எண்ற வரிக்கும் மேல வர்ல. தண்ணிக் கொடத்தத் தூக்கிகினு வந்தா அம்மாக்கு மூச்சு வாங்குது.'

'வீட்டுச் சமாச்சாரம். செல்லாது. வேற சொல்லு.'

உன் முகம் எனக்கு மறக்கவில்லை. நீ எவ்வளவு யோசித்து அதைக் கொண்டுவந்திருக்கிறாய் என்று இப்போது புரிகிறது. வீட்டு விஷயம் பேசக் கூடாது என்பது சட்டம். அதனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாமல், உலக அதிசயம் மாதிரி மாற்றி, என் சட்டத்துக்குள் நுழைகிற மாதிரி செய்து கொண்டுவந்தாய். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரே வைத்தது. நான் சுண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ அப்புறம் சந்திரன் எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டும் என்றாய். போன மாதமே சொன்னது, செல்லாது என்றேன். உன் அம்மாவே குறுக்கே வந்து, 'போதும் வுடு, புள்ள துன்னட்டும். எனுக்கு ஒண்ணும் இல்ல, மய தண்ணில நின்னது' என்று உனக்குக் கண்ணைக் காட்டினாள். நீ மூன்றாவதாக ஏதோ சொன்னாய். அது செல்லும் என்றேன். அது என்னவென்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அதிலிருந்து பதினோராம் நாள் விடியும்போது அவளால் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர். அவள் காலை அமுக்கிப் பார்த்தார். நீ சொன்ன அதே குழி. இருதயம் பலவீனப்பட்டு உடம்பில் நீர் கோத்துவிட்டது, பத்து நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கும் என்று சொன்னார். பத்து நாள் என்று அவர் சொன்னபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பிடி தளர்ந்ததே தவிர நீ கையை எடுக்கவில்லை. மத்தியானம் உன்னைச் சாப்பிட அனுப்பிவிட்டு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 'இன்னிக்கு இன்னா சங்கதி?' என்று கேட்டாள். அலமாரி நிறைய தாள் வைத்திருந்தவனுக்கு ஒரு சங்கதிகூட வரவில்லை. 'சரி, நான் சொல்றேன்' என்று மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். 'ஆமை கரைக்கு வந்து முட்டய வுட்டுட்டுப் போயிடும். திரும்பிப் பாக்காது. குட்டிங்க தானா பொரிஞ்சி தானா கடலுக்குப் போவும். ஒருத்தரும் வயி காட்ட வாணாம்.' செல்லும் என்று நான் சொல்லவில்லை, விலகியிருந்த சேலையை இழுத்து அவள் காலை மூடினேன். சால்ட் குவார்ட்டர்ஸ் கூட்ஸ் யார்டு பக்கம் சாயங்காலச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு அவள் போய்விட்டாள்.

மூலக்கொத்தளத்தில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு நீ மொட்டைத் தலையோடு என் பக்கத்தில் வந்து நின்றாய். உன் மாமா குழியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார், 'டாக்டரு பத்து நாளுன்னு சொன்னாராமே மாப்ள. அவ்ளோ நாளா வூட்ல ஒருத்தருக்குமா தெர்ல?' அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஒரே தங்கை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். நான் சொன்னேன், 'யாரும் எங்கிட்ட சொல்லல மச்சான். சொல்லியிருந்தா வுட்டிருப்பேனா?'

அதுதான் அந்தப் பொய். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் சோறு வடிப்பேன், நீ தட்டு போடுவாய், இருவரும் சாப்பிடுவோம். உனக்குப் பதினாறு வயதில் ஒரு தடவை, சுக்கிரனும் சந்திரன் மாதிரி தேய்ந்து வளரும், தூரதர்சினியில் பார்த்தால் தெரியும் என்று ஆரம்பித்தேன். நீ பாதிச் சோற்றில் எழுந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாய். மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. நீ மறந்திருப்பாய், சின்னப் பிள்ளைதானே, துக்கத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லீவு நாளில் எண்ணூர் பஸ் பிடித்து மாமா வீட்டுக்கு ஓடுகிறவன் ஏன் அந்தப் பக்கம் போவதே இல்லை என்று நினைத்ததுண்டு. அவரும் இங்கே எட்டிப் பார்க்கவில்லை. ஒரு தீபாவளிக்குக்கூட உனக்கு ஒரு சட்டைத் துணி வரவில்லை. தங்கை போனதும் உறவு போயிற்று, என் மேல் இருக்கிற கோபம் என்று விட்டுவிட்டேன். என் மேல் கோபமாக இருந்தால் எனக்குச் சௌகரியம். நான் கேட்க வேண்டிய கேள்வி எதையும் கேட்க வேண்டாமே.

உன் கார்டு வந்த பிறகும் எனக்கு விளங்கவில்லை. பழைய கோபத்தைக் கல்யாணத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது, காலில் விழுந்தாவது கூப்பிடுவோம் என்று போன செவ்வாய்க்கிழமை தட்டு, வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு முகத்துவாரக்குப்பத்துக்குப் போனேன். மாமா வலைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. 'வா மாப்ள' என்று தன் துண்டை உதறி விரித்து உட்காரச் சொன்னார், காபி வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். என் மேல் கோபம் இருக்கிறவர் செய்கிற காரியமா இது? உன் கல்யாணம் என்று தட்டை நீட்டினேன். தட்டைத் தொடவில்லை.

'அவன் கண்ணாலத்துக்கு நான் வரமாட்டேன் மாப்ள. நீ வந்தியா, குந்து, காபி சாப்டு. தட்ட எட்த்துகினு போ.'

'அவன் இன்னா செஞ்சான் மச்சான்?' என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 'அப்ப அவன் உன்கைல சொல்லவே இல்லியா? கருமாதிக்கு மறுநாளு நான் உன் வூட்டுக்கு வந்துகினு இருந்தேன். சும்மா வர்ல. நீதான் என் தங்கச்சியக் கவனிக்காம சாவடிச்சிட்டன்னு உன்ன நாலு சாத்து சாத்தலாம்னு வந்தேன். தெருமொனைலயே அந்தப் பையன் நின்னுகினு இருந்தான். எப்டித் தெரிஞ்சிகினானோ. வயிய மறிச்சிகினு, மாமா, நைனாக்கு ஒண்ணும் தெரியாது, அம்மா கால் வீங்கனது எனக்குத்தான் தெரியும், நான்தான் சொல்லல, வெளையாடப் பூட்டேன்னான். வுட்டேன் ஒரு அறை. கீய வுந்தான். எய்ந்து நின்னு, நைனாவ ஒண்ணும் சொல்லாத மாமான்னான். இனிமே என் மூஞ்சில முயிக்காதன்னு சொல்ட்டு அப்டியே திரும்பிட்டேன். தெரிஞ்சிகினே சொல்லாம வுட்ட புள்ளைக்கி நான் எப்டிய்யா மால போட்றது?'

அந்த நாள் எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது கண்ணு. நீ ஒரு பக்கம் கன்னம் வீங்கி வீட்டுக்குள் வந்தாய். என்னடா என்றேன், பல்லு வலி என்றாய். நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? சுறாவுக்கு ஆயுசு பூராவும் பல் விழ விழ முளைத்துக்கொண்டே இருக்கும் என்று சொன்னேன். உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துச் சொன்னேன். நீயும் எனக்காகக் கொஞ்சம் சிரித்தாய். எனக்கு விழ வேண்டிய அடியை வாங்கிக்கொண்டு வந்து நின்ற பிள்ளையிடம் நான் சுறாவின் பல்லைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

மணலில் உட்கார்ந்தபடி மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம், செல்லும், செல்லாது, குழி, நூறு எண்ணினது, சந்திரன், எதையும் விடவில்லை. அவன் சொன்னான் மச்சான், என் முகத்துக்கு நேரே சொன்னான், நான்தான் கேட்கவில்லை, மூலக்கொத்தளத்தில் நான் சொன்னது பொய் என்றேன். அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'பன்னெண்டு வயசுப் புள்ள. தாயப் பொதச்சிட்டு வந்த புள்ள' என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு, 'நீ எய்ந்து போ மாப்ள. இன்னும் கொஞ்ச நேரம் நீ இங்க இருந்தா எனக்கே இன்னா செய்வேன்னு தெரியாது' என்றார். தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

இதுவரைக்கும் வெள்ளிக்கிழமை எழுதினேன். கவர் வாங்கி வைத்துவிட்டேன், தபாலில் போடக் கை வரவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் மாமா நிற்கிறார். வெளுத்த வேட்டி, தோளில் பை. பைக்குள் உனக்கு வரப்போகிறவளுக்கு ஒரு அரக்குப் பட்டு, உனக்கு வேட்டி சட்டை, மாலைக்கு மட்டும் அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்றார். ஒன்பது தீபாவளிக்கும் சேர்த்து ஒன்பது சட்டைத் துணியும் மடித்து வைத்திருந்தார். சின்னப் பையனுக்கு எடுக்கிற அளவிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் அதிகமாக. 'கடைக்காரன் சிரிச்சான். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்' என்றார். பிறகு மேசைமேல் கவரோடு கிடந்த இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, படிக்கச் சொன்னார். அவருக்கு எழுத்து தெரியாதே, நான் முதலிலிருந்து படித்தேன். நீ குழியைப் பற்றிச் சொன்ன இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம், 'எந்த ரயிலு மாப்ள?' என்றார்.

இன்றைக்கே கிளம்புகிறார். கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, அதற்குள் என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். உன்னைப் பார்த்ததும் அவர் உன் காலில் விழப் பார்ப்பார். விடாதே, பெரியவர். பந்தலில் அவரை உன் வலது பக்கம் உட்கார வை. நானும் உங்களோடு வரட்டுமா என்று கேட்டதற்கு, 'அத நான் சொல்லக் கூடாது. அவன் சொல்லணும்' என்றார். அது நியாயம்தான்.

அதனால் நீ சொல். வா என்று எழுதினால் அன்றைக்கே புறப்படுகிறேன். வராதே என்று எழுதினால் இங்கேயே இருந்து, முகூர்த்த நேரத்துக்குக் குளித்துவிட்டு உங்கள் இரண்டு பேருக்கும் வேண்டிக்கொள்கிறேன், உன் மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் இருக்காது. அல்லது இந்த ஒன்பது வருஷத்தில் என்னிடம் சொல்ல நினைத்து விழுங்கியது ஏதாவது இருந்தால், எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அதை எழுது. நீ எழுதி முடிக்கிற வரைக்கும் நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உன் அப்பா